சூட்டில் எடுக்காத வண்டி

கேனில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் நாகலெட்சுமி லாரியின் டீசல் பம்பின் மேல் ஊற்றினாள். போர்த்தியிருந்த சாக்கு நனைந்து, வெக்கை அவள் முகத்தில் அடித்தது.

"இப்ப அடிச்சுப் பாரு தம்பி."

மலையாண்டி செல்பை அடித்தான். இஞ்சின் நாலு தடவை முனகி ஓய்ந்தது.

"இதுக்கு மேல அடிச்சா பேட்டரியும் போயிரும் மதினி. ஆறட்டும்."

"எம்புட்டு நேரம்?"

கொழுந்தன் செல்பிலிருந்து கையை எடுத்தான். அவளுக்கே தெரியும், அரை மணி.

காலையில் ஒரே அடியில் எடுக்கிற லாரி அது. சூடேறிய பின் அமத்தி நிறுத்தினால் மட்டும் ஆறும்வரை மறுபடி எடுக்காது. பம்பு தேய்ந்துவிட்டது, சூட்டில் டீசல் இளகி உள்ளேயே கசிகிறது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று சாயல்குடி மெக்கானிக் சொல்லியிருந்தான். "மாத்துவோம், மாத்துவோம்" என்று அவள் புருஷன் பொன்னுச்சாமி இரண்டு வருஷம் ஓட்டிவிட்டான். சாப்பிடும்போதுகூட வண்டி ஓடிக்கொண்டே நிற்கும். "எம் பொண்டாட்டிய மாதிரி. நிறுத்துனா பெறகு சமாதானப்படுத்த முடியாது" என்பான்.

அந்தப் பொன்னுச்சாமிதான் இப்போது சீட்டில் சாய்ந்து கிடந்தான். வாலிநோக்கம் உப்பளத்தில் பாதி லோடு ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன். உப்பை இறக்க நேரமில்லை. அப்படியே ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

வழியில் அவன் உதடு அசைந்தது. இஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, செத்த அமத்து. என்னமோ சொல்றாக."

பதற்றத்தில் மலையாண்டி ஸ்டாப்பரை இழுத்துவிட்டான். சத்தம் நின்றது. அவள் காதை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"அமத்தாத" என்றான் பொன்னுச்சாமி.

பாதி லோடு வண்டியை இரண்டு பேர் தள்ளி நகர்த்த முடியவில்லை. கூப்பிடு தூரத்தில் ஆளில்லை. ரோட்டில் ஒரு சைக்கிள் மட்டும் போனது. சாக்கு காய்வதற்குள் பொன்னுச்சாமியின் கை அவள் கைக்குள் கனத்துப்போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து மலையாண்டி செல்பை அடித்தபோது, ஒரே அடியில் வண்டி எடுத்தது.

உடலை வீட்டில் கிடத்தியதும் மாமியார் பூமயில் சின்ன மகனின் சட்டையைப் பிடித்தாள்.

"ஏலே, இந்தச் சனியன் சூட்டுல எடுக்காதுன்னு ஒனக்குத் தெரியாதாடா? எதுக்குடா நடுரோட்டுல அமத்துன? ஒங்கண்ணனக் கொல்லவா?"

"கை தவறிப்போச்சு ஆத்தா."

"கையா தவறுச்சு? ஒனக்குப் புத்தி தவறிப்போச்சு!"

சுற்றி நின்ற பங்காளிகள் மலையாண்டியைப் பார்த்த பார்வை சரியில்லை. "நானா இருந்தா அந்த மூஞ்சியோட ஊருக்குள்ள வரமாட்டேன்" என்றது ஒரு குரல். அவன் தலையைக் குனிந்து நின்றான். மதினி பக்கம் திரும்பவே இல்லை.

நாகலெட்சுமி வாயைத் திறக்காவிட்டால் போதும், ஆயுசுக்கும் அவன் சொல்லமாட்டான்.

"அத்தே."

பூமயில் திரும்பினாள்.

"தம்பி மேல தப்பில்ல. நாந்தேன் அமத்தச் சொன்னேன். இவுக பேசுனது கேக்கல, அதான்."

பூமயில் மருமகளையே பார்த்தாள். பிடித்திருந்த சட்டை அவள் விரல்களிலிருந்து மெல்ல நழுவியது.

கிடத்தியிருந்த பெரிய மகனின் காலடியில் போய் உட்கார்ந்தாள். கணுக்காலில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள். இடது காலைத் துடைத்து முடித்ததும் கையை எடுத்துக்கொண்டு, மருமகளைப் பார்த்துச் சற்றே நகர்ந்தாள்.

வலது காலுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.