பச்சை மண்

தையல்காரியைச் செராமிக் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தது அவள் நாத்தனார். "வீட்டுலயே அடைஞ்சு கிடந்தா பைத்தியம்தான் பிடிக்கும், வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தாள். பிறந்த மறுநாளே தையல்காரியின் குழந்தை போய்விட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. பேசாமல் இருந்தால் மறந்துவிடுவாள் என்று நினைப்பு. இப்படி நினைப்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

முதலில் மண்ணைப் பிசைந்து காற்றை வெளியேற்றினார்கள். பிறகு உருட்டி, நடுவில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிலும் கிள்ளிக் கிள்ளி ஒரு கிண்ணம். விளிம்பைச் சும்மா விடத் தையல்காரிக்கு மனம் வரவில்லை, உள்பக்கமாக மடித்துவிட்டாள்.

"ஏங்க, இதென்ன பாவாடையா, ஓரம் மடிக்க? உள்ள காத்து நின்னா சூளையில வெடிச்சிடும்" என்று வாத்தியாரம்மா சிரித்தார். தையல்காரிக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. மடிப்பைப் பிரித்தாள்.

கிண்ணம் பலகையில் காய்ந்துகொண்டிருந்தபோது யாரோ எடுத்துப் பார்க்கப் போனார்கள்.

"தொடாதீங்க, அது இன்னும் பச்சை மண்ணு!" என்று வாத்தியாரம்மா சத்தம் போட்டார்.

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். 'பச்சை மண்ணு, அதுக்குப் போய் இப்படியா' என்றுதான் ஆஸ்பத்திரியில் அத்தனை பேரும் அழுதார்கள். நாத்தனார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சூளை வைக்கிற நாளில் எல்லோரும் தங்கள் கிண்ணங்களைக் கொடுத்தார்கள். தையல்காரி மட்டும் மடியிலேயே வைத்திருந்தாள்.

"நெருப்புல வைக்க எனக்கு மனசு வரலைங்க."

"சுடலேன்னா தண்ணி பட்டதும் கரைஞ்சிடும். இருந்த அடையாளமே இருக்காதுங்க."

வீட்டில் நடப்பதும் அதுதானே என்று அவளுக்குப் பட்டது. சரியென்று தலையாட்டினாள்.

"அப்ப அடியில பேரைக் கீறுங்க. இல்லேன்னா யாரோடதுன்னு தெரியாது. மெதுவா, காய்ஞ்சிடுச்சு."

அவர் நீட்டிய ஊசியை வாங்கி, பொடி உதிர உதிரக் கீறினாள். வாத்தியாரம்மா எட்டிப் பார்த்தார்.

"இது உங்க பேரு இல்லையே?"

"எம் பொண்ணு பேரு."

அப்படி ஒரு பெயர் இருந்ததே நாத்தனாருக்கு அன்றுவரை தெரியாது. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். அடியைத் திருப்பி, அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

"எங்கண்ணன் மகளோடதுங்க. பாத்து வைங்க" என்று வாத்தியாரம்மாவிடம் கொடுத்தாள்.