கல்லில் ஒட்டிய மயில்

பாவாத்தாளுக்கு அந்த மயிலை வெட்டப் பதினோரு நாள் ஆனது. தேக்கு மரமும் ஈட்டி மரமும் தாள் போலச் சீவப்பட்ட வெனீர்களாக வந்திருந்தன. அவற்றிலிருந்து கத்தி முனையால் நானூறு துண்டுகளுக்கு மேல் வெட்டி, இழை பார்த்துச் சேர்த்து, மேலே காகித நாடா ஒட்டி ஒரே படமாக்கினாள். ஆர்.எஸ்.புரத்தில் சுந்தரராஜுலு புதிதாகத் திறக்கவிருந்த நகைக்கடையின் முகப்பு மேடைக்கான வேலை அது.

மேடை மரமல்ல, வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைச் செயற்கைக் கல் பலகை. கண்ணுக்குப் பளிங்கு மாதிரி இருக்கும். கண்ணாடி போல வழவழப்பு. அதன்மேல் மரத்தை ஒட்டும் வேலை அவர்கள் குடியிருந்த கணபதிப் பகுதித் தச்சர்கள் யாருக்கும் பழக்கமில்லை. 1996 மார்கழியில் அந்தக் கல்லின் கழிவுத் துண்டு ஒன்றை வாங்கி வந்து பாவாத்தாளே ஒட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பசை மறுநாளே தோல் உரிவதைப்போல வந்துவிட்டது. ரப்பர் பசை பிடித்தது, ஆனால் உச்சி வெயிலில் வைத்ததும் உப்பியது. கடைசியில் கல்லைச் சொரசொரப்பான உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு டியூப் கலக்கும் பசை பூசி, ஒன்றரை நாள் பாரம் ஏற்றி வைத்தாள். இழுத்தபோது மரம் கிழிந்ததே தவிர ஒட்டு விடவில்லை.

"ஏனுங்க, இதுதானுங்க சரி. வேற எதுவும் நிக்காது" என்று கணவன் செங்கோடனிடம் காட்டினாள்.

"செரி செரி, பாக்கலாம்" என்றான்.

ஆட்களைப் பிடிப்பதும் பேசுவதும் பாலிஷ் போடுவதும் அவன் பங்கு. கடைக்காரர்களுக்கு அவளைச் செங்கோடன் சம்சாரம் என்றுதான் தெரியும். அதில் அவளுக்கு அதுவரை குறை இருந்ததில்லை.

தையில் திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது உடுமலைப்பேட்டையில் அக்கா மகளுக்குச் சீர். பாவாத்தாள் இரண்டு நாள் போய் வந்தாள். வந்தவள் கடைக்குள் நுழைந்ததுமே மூக்கில் ரப்பர் பசை நெடி ஏறியது. மயில் ஏற்கெனவே மேடையில் இருந்தது, பாலிஷ்கூடப் பூசியாகிவிட்டது.

"கல்லைத் தேச்சீங்களா?"

"எஞ்சினியர் அவசரப்படுத்திப்போட்டாரு. ஒரு மத்தியானத்துல முடிச்சாச்சு. வாயை மூடு புள்ளை, நல்லாத்தானே இருக்குது?"

எஞ்சினியர் என்றது லட்சுமிநாராயணனை. கடையின் உள் அலங்காரம் முழுக்க அவருடைய ஒப்பந்தம். திறப்பு விழாவில் வந்தவர்களெல்லாம் மயிலைத் தொட்டுப் பார்த்தார்கள். லட்சுமிநாராயணன் செங்கோடன் தோளில் தட்டினார்.

மேடைக்கு நேர் மேலே விளக்குகள் நாள் முழுக்க எரிந்தன. சித்திரை வெயிலும் சேர்ந்துகொண்டது. முதலில் மயிலின் கழுத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியது. ஒரு வாரத்தில் தோகை முழுக்க உப்பி, ஓரங்கள் சுருண்டன. சுந்தரராஜுலு ஆள் அனுப்பினார்.

செங்கோடனும் பாவாத்தாளும் போனார்கள். லட்சுமிநாராயணனும் வந்திருந்தார். மேடைமேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. சுந்தரராஜுலு அதை விலக்கினார்.

"இதென்ன செங்கோடா, அம்மை போட்ட மாதிரி?"

செங்கோடன் தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "நான் அன்னைக்கு அன்னூருக்குப் போயிட்டனுங்க. இவதானுங்க ஒட்டுனது. பொம்பளை, தெரியாம செஞ்சுபோட்டா. மன்னிச்சுக்கோங்க."

அவன் ஒருமுறை தன் பக்கம் திரும்புவான் என்று பாவாத்தாள் காத்திருந்தாள். அவன் திரும்பவில்லை. லட்சுமிநாராயணன் கூரை விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். உப்பியிருந்த கழுத்தடியில் முனையைச் செருகி நெம்பினாள். பதினோரு நாள் வேலை, ஒரு சத்தமும் இல்லாமல் பாதி தோகையோடு கழன்று வந்தது. பசையும் மரத்தோடு உரிந்த இடத்தில் கல் முகம் பார்க்கிற கண்ணாடி போல மின்னியது.

"பாருங்க. ஒரு கீறல் இருக்குதுங்களா? இதைத் தேய்க்கவே இல்லீங்க. இந்தப் பசை நிக்காதுன்னு இவருகிட்ட முன்னாடியே ஒட்டிக் காட்டுனேன். ஒட்டுன அன்னைக்கு நான் உடுமலையில சீர்ல இருந்தேன். நூறு பேரு பாத்திருக்காங்க."

சுந்தரராஜுலு துணியை மறுபடி இழுத்து மூடிக்கொண்டே, "யாரு ஒட்டுனா எனக்கென்ன அம்மணி? வைகாசி முகூர்த்தத்துக்குள்ள சரியாகோணும்" என்றார்.

அவளே சரி செய்தாள். மற்ற இடங்களில் ஒட்டிக் கிடந்த பழைய பசையைச் சுரண்டி எடுக்கவே மூன்று நாள் ஆனது. மயிலை முதலிலிருந்து வெட்டினாள். கல்லை அங்குலம் விடாமல் தேய்த்தாள். செங்கோடன் ஒருநாளும் அந்தப் பக்கம் வரவில்லை. வேலை முடிந்த அன்று சுந்தரராஜுலு, "நல்லா வந்திருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டில் செங்கோடன் அவளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான். ஒரு மாதம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது வாய் திறந்தான்.

"நாலு பேரு முன்னாடி என்னைய அம்மணமா நிறுத்திப்போட்டே."

"நீங்க என்னைய எங்க நிறுத்துனீங்க?"

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

லட்சுமிநாராயணனிடமிருந்து அதன்பின் ஓர் அழைப்பும் இல்லை. அவள் நேரில் போய்க் கேட்டாள். அவர் உட்காரச் சொன்னார், மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க கை வேலையில குறையே இல்லீங்க. ஆனா புருஷனையே காட்டிக் குடுத்தவங்க. நாளைக்கு என்னையும் வேலை குடுக்கிற பார்ட்டி முன்னாடி சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"உள்ளதைத்தானுங்க சொன்னேன்."

"அதைத்தான் நானும் சொல்றனுங்க" என்றார் அவர்.

அந்த ஆவணியில் அவள் டவுனில் ஒரு பிளைவுட் கடையில் சேர்ந்தாள். வருகிற வெனீர்க் கட்டுகளைப் பிரித்து, இழையும் நிறமும் பார்த்து அடுக்கி, எண் எழுதி வைக்கும் வேலை. செங்கோடன் வேறொரு ஆளை வைத்து மரத்தின்மேல் சாதாரண வேலைகள் செய்தான். ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு அவள் காலை எட்டு மணிப் பேருந்துக்குப் போய்விடுவாள்.

சீர் வைத்த அக்கா ஒருமுறை கேட்டாள்: "அன்னைக்கு வாயைத் தொறக்காம இருந்திருந்தா எல்லாம் செரியா இருந்திருக்குமல்ல கண்ணு?"

"இருந்திருக்கும்" என்றாள் பாவாத்தாள். "அவருக்கு."