முப்பது நாள் மூச்சு

பதினான்கு மாதம் வரிசையில் நின்ற பிறகு அந்தக் கருவி வீட்டுக்கு வந்தது. நின்றது ஆள் இல்லை, பெயர். மருத்துவ உதவி அலுவலகத்தின் பட்டியலில் லிஃப்ட் மெக்கானிக்கின் பெயர் முதலில் நூற்றுப் பதினோராவதாக இருந்தது, பிறகு அறுபதாவதாக, பிறகு ஒரு கோடை முழுக்க அதே அறுபதாவதாக. அது நகர்கிறதா என்று மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வந்தவள் அவர் மனைவி. தையல்காரி. "பேரு என்னமோ உங்களுது, செருப்பு தேயுறது என்னுது" என்பாள்.

அவர் நோயைப் புரிந்துகொள்வது கடினமில்லை. தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைத் தசை தளரும். சிலருக்குத் தளர்வதோடு நிற்காமல், ஈரமான பிளாஸ்டிக் பையின் வாய் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு இழுத்து இழுத்துப் பார்க்கும். காற்று உள்ளே போகாது. மூளை பதறிப்போய் ஆளைக் கால்வாசி எழுப்பிவிடும். பெரிய உறுமலோடு தொண்டை திறக்கும். உடனே தூக்கம், மறுபடி ஒட்டல். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்து எண்ணினார்கள். மணிக்கு ஐம்பத்திரண்டு முறை. காலையில் அவருக்கு ஒன்றும் நினைவில்லை, கண்தான் எரிந்தது.

மல்லாந்து படுத்தால் அடைப்பு அதிகம், ஒருக்களித்தால் குறைவு. அதனால் பதினோரு வருடமாக அவள்தான் அவருக்குக் கருவி. குறட்டை கேட்டால் தூங்குவாள், நின்றால் விழித்துவிடுவாள். முழங்கையால் ஓர் இடி கொடுத்தால் அவர் திரும்பிப் படுப்பார். "தூக்கத்துலயும் அடி வாங்குற ஒரே புருஷன் நான்தான்" என்று வேலையிடத்தில் சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பு நின்றது ஒரு மத்தியானம். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். கூட இருந்தவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றோடு போயிருக்கும். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: கருவி இல்லாவிட்டால் ஒரு நாள் இதயம் கைவிடும், அதற்கு லிஃப்டெல்லாம் தேவையில்லை, கட்டிலே போதும். அதைக் கடையில் வாங்க அவர்கள் இருவரின் சம்பளமும் காணாது. அரசு உதவிதான் வழி.

கருவி ஒரு சின்ன ரொட்டிப் பெட்டி அளவுதான். அறைக் காற்றையே இழுத்து, வடிகட்டி, குழாய் வழியாக முகமூடிக்குள் அனுப்பும். காற்று மெல்லத் தள்ளிக்கொண்டே இருப்பதால் தொண்டை ஒட்டாது. கெட்டிக்காரக் கருவி, தொண்டை சுருங்கினால் அழுத்தத்தைக் கூட்டும், விரிந்தால் குறைக்கும். நடந்ததையெல்லாம் நகம் அளவுள்ள ஒரு கார்டில் எழுதி வைக்கும். அரசின் நிபந்தனை அந்தக் கார்டில்தான் இருந்தது. முப்பது நாள் இரவல். அதில் இருபத்தொரு இரவாவது, இரவுக்கு நாலு மணி நேரமாவது போட்டுத் தூங்கியிருந்தால் கருவி அவருக்கே. இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயருக்கு.

முதல் இரவு முகமூடி அரைமணி நேரம் தாங்கியது. பிறகு தூக்கத்திலேயே அவர் கை அதைப் பிய்த்து எறிந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ரப்பர்க் கிண்ணம் அது. அவள் வார்ப்பட்டையின் உள்பக்கம் மெத்தென்ற துணி வைத்துத் தைத்துப் பார்த்தாள். இரண்டாம் இரவும் அதே கதை. மூன்றாம் இரவு, நான்காம் இரவும்.

"கவலைப்படாத," என்றார் அவர், கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "உள்ள என்ன இருக்கப்போவுது? எண்ணுற மீட்டர்தான். லிஃப்டுலயும் இருக்கு. எத்தன தடவ ஏறி இறங்குச்சுன்னு எண்ணும். ஏறினது யாருன்னு அதுக்குத் தெரியுமா என்ன?"

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருடம் இயந்திரங்களோடு கிடந்த மனிதர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

ஐந்தாம் இரவு அவர் பிய்த்து எறிந்ததும், அவள் எழுப்பவில்லை. முகமூடியை எடுத்துத் துடைத்துத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டாள். காலையில் கழற்றி அவர் தலையணை பக்கத்தில் வைத்தாள்.

"ராத்திரி எப்படி?" என்றார் அவர்.

"நல்லா போட்டிருந்தீங்க," என்றாள்.

முப்பத்தோராம் நாள் அலுவலகத்தில், கார்டைக் கணினியில் சொருகினாள் டெக்னீஷியன் பெண். இருபத்தாறு இரவு, நாலு மணி நேரத்துக்கு மேல். "பிரமாதம் சார்," என்றாள். மெக்கானிக் மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு அந்தப் பெண் கோடுகளைப் பெரிதாக்கினாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், இது உங்க மூச்சு. பாருங்க, மொத அரைமணி. நிக்குது, நிக்குது, மெஷின் அழுத்தத்தப் பன்னெண்டு வரைக்கும் ஏத்துது. அப்புறம் மாஸ்க் கழண்டிருக்கு. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி மாட்டியிருக்கு. அதுக்கப்புறம் ஒரு தடவகூட நிக்கல. அழுத்தம் நாலுலயே இருக்கு, தள்ள வேண்டிய தேவையே வரல. மூச்சும் சின்னதா, வேகமா இருக்கு. அஞ்சாம் ராத்திரியிலேர்ந்து எல்லாம் இப்படியேதான்." அவள் தயங்கினாள். "ரெண்டாவதா தூங்குனது யாரு?"

மெக்கானிக் சிரிக்கப் பார்த்தார். மனைவியின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான்தாம்மா," என்றாள் தையல்காரி. "நேரம் மட்டும்தான் எண்ணும்னு நினைச்சேன்."

டெக்னீஷியன் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து சுவர் அலமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே விதவிதமான முகமூடிகள்: மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துளையில் சும்மா ஒட்டிக்கொண்டு முகத்தைத் தொடாமலே இருப்பது. "மாஸ்க் ஒத்துக்கலன்னு ஒரு போன் பண்ணியிருந்தா மாத்திக் கொடுத்திருப்பேன்மா. இன்னும் முப்பது நாள் நீட்டிக்கவும் வழி இருக்கு. ஆனா கெடு முடியறதுக்குள்ள கேக்கணும். பாதிப் பேருக்கு மொத மாஸ்க் ஒத்துக்காது, அதுல ஒண்ணும் தப்பில்ல."

"இப்ப கேக்கக் கூடாதா?"

"நேத்தோட முடிஞ்சுதும்மா. இனி இது பட்டியல்ல அடுத்தவருக்குத்தான்." ஒரு புது விண்ணப்பத் தாளை நீட்டினாள். "ஆறு மாசம் கழிச்சுப் போடலாம். அப்புறம் பட்டியல்படிதான்."

கருவியைப் பையிலிருந்து எடுத்து, குழாயைச் சுருட்டி, எண் ஒட்டிய அலமாரித் தட்டில் வைத்தாள். வார்ப்பட்டையில் தைத்திருந்த துணியைக் கத்தரியால் பிரித்து தையல்காரியிடமே கொடுத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை. இருவரும் நின்றார்கள்.

"சொல்லியிருக்கலாம்ல," என்றார் அவர்.

"கை விட்டுப் போயிடும்னு பயந்தேங்க. நீங்கதான சொன்னீங்க, ஏறினது யாருன்னு அதுக்குத் தெரியாதுன்னு."

"லிஃப்டுக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்தார். நின்றுபோன லிஃப்டில் கோளாறு எங்கே என்று மேலிருந்து கீழே வரிசையாகத் தேடிவரும்போது அந்த முகம்தான் இருக்கும்.

"அத மாட்டினா காதுல ஊன்னு காத்து சத்தம் கேக்கும். என் சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

பொய் சொல்லலாம். ஒரு மாதமாகத் தினம் காலையில் சொன்ன பொய்யோடு இதுவும் சேர்ந்து போகும்.

"கேக்கல," என்றாள்.

"அப்ப இந்த இருபத்தாறு ராத்திரியும் மெஷினும் இல்ல, உன் முழங்கையும் இல்ல..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கை பின்மண்டைக்குப் போனது. "அதான் காலையில தலை அந்த வலி வலிச்சுது. நான் மெஷின் சேரலன்னு நினைச்சேன்."

அவள் கையில் இருந்த துணித் துண்டைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"நீயாவது தூங்கினியா?" குரலில் குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"தூங்கினேங்க," என்றாள். "ரொம்ப நல்லா தூங்கினேன். இத்தன வருஷத்துல அப்படித் தூங்கினதே இல்ல. மொத நாள் நேரத்துக்காகத்தான் போட்டேன். அப்புறம்... எப்படா நீங்க கழட்டுவீங்கன்னு படுத்திருந்தேன்."

அலுவலகத்தில் வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் அவள் கையிலிருந்த விண்ணப்பத் தாளை வாங்கி, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டிய பெயருக்கான காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.