தேங்காய் எண்ணெய் உறையும் மாதம்

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் மார்கழி பிறந்துவிட்டது என்பதை அமீர் பாஷா காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. அவருடைய ரிப்பேர் கடை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலே சொல்லிவிடும். ஒருநாள் காலையில் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. உள்ளே வெள்ளையாக உறைந்து கிடக்கும். அன்றைக்கு அவருக்குப் பெருநாள் மாதிரி. இனி எந்த பஸ்ஸிலும் காத்தான் வந்து இறங்கலாம்.

காத்தானுக்கு ஏரிக்கரையில் வீடு. முன்பு ஒரு காபித் தோட்டத்தில் காவல் இருந்தவர். தோட்டத்தை விற்றுவிட்டுப் போன முதலாளி, தன் பழைய தூண்டில் ரீலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல கனமான, அந்தக் காலத்து ரீல். அதற்குக் காத்தான் செய்த ஒரே பராமரிப்பு, மனைவி முனியாயி தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை எடுத்து உள்ளே ஊற்றுவதுதான். வெயில் காலத்தில் ஜோராகச் சுற்றும். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்ததும் கைப்பிடி அசைய மாட்டேன் என்றுவிடும். மனுசன் ரீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

"ஏனுங்க பாய், மறுபடியும் மக்கர் பண்ணுதுங்க."

"தேங்கா எண்ணெய் ஊத்தாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? காதுன்னு ஒண்ணு இருக்குதா இல்லீங்களா உங்களுக்கு?"

வருஷா வருஷம் இதே வசவு, இதே சிரிப்பு. அடுப்பு, குடை, மருந்தடிக்கும் ஸ்பிரேயர் என்று ரிப்பேருக்குக் கொண்டுவருகிற மற்றவர்கள் பொருளை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விடுவார்கள். காத்தான் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். அமீர் பாஷா பேப்பரை விரித்து ரீலைக் கழற்றுவார். பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்ப்பார். உள்ளே எள்ளளவு ஸ்பிரிங் ஒன்று உண்டு. கொஞ்சம் அசந்தால் துள்ளி ஓடிவிடும். அப்புறம் ரீல் வெறும் எடைக்கல்தான். அதைக் காத்தானின் உள்ளங்கையில்தான் வைப்பார். காத்தான் கையை மூடிக்கொண்டு, தூண்டிலை அறுத்துக்கொண்டு போன மீன்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். மீனெல்லாம் வருஷத்துக்கு வருஷம் வளரும்.

மனைவி ரோஷன் பேகம் இறந்துபோன பிறகு, கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் அமீர் பாஷாவுக்கு வீடு. சேலத்திலிருந்து மகள் தஹ்ஸீன் போனில் "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். பேச்சு அதோடு சரி. தனியாக இருந்து அவருக்குப் பழகிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். ஒன்றும் பழகவில்லை.

அப்படிப்பட்டவர் போன மார்கழியில் என்ன செய்தார் தெரியுமா? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். காத்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறியதைப் பார்த்து மனசு இளகி, ஒரு டப்பா நல்ல கிரீஸைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். எப்படிக் கழற்றுவது, எவ்வளவு மெல்லிசாகத் தடவுவது, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். "இனிமே நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டாமுங்க" என்று வேறு சொன்னார். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

இந்த மார்கழியில் பாட்டில் உறைந்தது. அமீர் பாஷா பேப்பரை எடுத்து வைத்தார். ஸ்டூலைத் துடைத்தார். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார். காத்தான் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று ஸ்பிரேயர் கொண்டுவந்த அர்த்தனாரியிடம் விசாரித்தார். "அவருக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கறாரு. நேத்துக்கூட சோளக்காட்டுல பாத்தனே" என்றார் அர்த்தனாரி. அதைக் கேட்டு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. காத்தானின் போன் நம்பர் இருந்தது. போட்டு என்ன கேட்பது, "உங்க ரீல் இன்னும் கெட்டுப்போகலையா?" என்றா?

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் கடையைப் பூட்டினார். திருப்புளியை எடுத்துக்கொண்டார். அலமாரியிலிருந்த எண்ணெய் பாட்டிலையும் எடுத்து, ஸ்வெட்டருக்கு உள்ளே இருந்த சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் வெட்கமாக இருந்திருக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது, காத்தான் ஏரிக்கரைப் பாறையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். பாயைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வாங்க பாய்! உங்க கிரீஸு அருமைங்க. இந்தக் குளுருலயும் பாருங்க, அதுபாட்டுக்குச் சுத்துது." கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். சத்தமே இல்லை.

"அதான் வரலீங்களாக்கும்?"

"நீங்கதான அலைய வேண்டாம்னு சொன்னீங்க. சும்மா வந்து உங்க வேலயக் கெடுக்கறதுங்களா?"

"குடுங்க, ஒருதடவ பார்த்துடலாம்" என்று அமீர் பாஷா கை நீட்டினார்.

துண்டை விரித்துக் கழற்றினார். கேட்காமலே காத்தான் உள்ளங்கையை நீட்டினார்; ஸ்பிரிங் அதில் போய் உட்கார்ந்தது. உள்ளே அழுக்கில்லை, துருவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே மெல்லிசாகத் தடவிய கிரீஸ். ஒரு குறை சொல்ல முடியாது. அமீர் பாஷா கிரீஸையெல்லாம் வழித்துத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். நெஞ்சுச் சூட்டில் எண்ணெய் இளகியிருந்தது. ரீலுக்குள் ஊற்றினார்.

"பாய், அது தேங்கா எண்ணெய்ங்க."

"தெரியுமுங்க."

"காலைக்குள்ள கல்லாட்டம் உறைஞ்சு போயிருமுங்க."

"உறையட்டும்." பாட்டிலின் மூடியைத் திருகினார். "உறைஞ்சாத்தான நீங்க கடைக்கு வாரீங்க."

காத்தான் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் இருந்த ஸ்பிரிங்கை வேட்டி மடிப்பில் பத்திரமாக முடிந்துகொண்டார்.

"ரீல நீங்க எடுத்துட்டுப் போங்க பாய். இது என்கிட்ட இருக்கட்டும். நாளைக்குக் கொண்டாரேன்."