கவின்ராஜின் முன்பற்கள்

நாத்தனார் பூவாத்தாள் வாயைத் திறந்தாலே சுலோசனாவுக்குக் குமட்டும். கௌதள்ளி கிராமத்தில் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள். வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் செங்கல் நிறம், கடைவாயில் இரண்டு இல்லவே இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள சித்திரையில் மைசூருக்கு வந்தவளுக்கு, வந்த அன்றே தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தாள் சுலோசனா.

"சுத்தம்னா என்னன்னே தெரியாத ஜனங்க" என்று கணவன் சுரேந்தரிடம் சொல்வாள், அவன் அக்கா காதில் விழும்படியாகவே. அவன் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவான்.

மூன்று வயது கவின்ராஜுக்கு மேல் முன்பற்கள் ஈறு ஓரத்தில் கறுத்து, பொடிய ஆரம்பித்திருந்தன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் வீறிட்டான். யாரால் வந்தது என்பதில் சுலோசனாவுக்குச் சந்தேகமே இல்லை. குவெம்புநகர் பல் கிளினிக்குக்குப் பூவாத்தாளையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"இவங்க எச்சில்தான் டாக்டர். அந்த வாயைப் பாருங்க, கிருமிப் பண்ணை. முத்தம் கொடுத்தே என் பிள்ளைக்கு ஒட்டவச்சுட்டாங்க."

பூவாத்தாள் தரையைப் பார்த்தாள். டாக்டர் மீனா பையனின் பல்லை லேசாகச் சுரண்டினார். கருவி நுனியில் வெளிர்மஞ்சளாக மாவு போல ஒட்டி வந்தது.

"இந்தப் படலம் பூராவும் கிருமிதான். இவங்க எப்ப வந்தாங்க?"

"ரெண்டு மாசம் ஆகுது."

"இது அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்ச சொத்தை. தூங்கறப்ப என்ன குடிப்பான்?"

"பாட்டில்ல பால். சர்க்கரை போட்டாத்தான் குடிப்பான், அதைச் சப்பிக்கிட்டே தூங்கிடுவான்."

"கிருமி அந்தச் சர்க்கரையைத் தின்னு ஆசிட்டை விடும். தூக்கத்துல எச்சில் அவ்வளவா ஊறாது, கழுவிவிட எதுவுமில்லை. விடியறவரைக்கும் பல் அதுலயே கிடக்கும். கிருமி பெரும்பாலும் அம்மாகிட்டயிருந்துதான் வருது. நீங்க வாயைத் திறங்க."

சுலோசனா முகத்தைச் சுளித்துக்கொண்டு திறந்தாள். கீழ்ப்பற்களின் உள்பக்கம் காறை கட்டியிருந்ததையும் கடைவாயில் இரண்டு சொத்தையையும் டாக்டர் கண்ணாடியில் காட்டினார். வெற்றிலையை விடச் சொல்லி பூவாத்தாளுக்கும் ஒரு அதட்டல் விழுந்தது.

கவின்ராஜுக்கு ஒரு பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. "பேடா, பேடா" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் அலறிய பையன் அம்மாவை உதறிவிட்டு அத்தை மடியில் ஏறிக்கொண்டான். பிடுங்கி முடிகிறவரை அவள்தான் பிடித்திருந்தாள்.

"அந்த டாக்டர் எந்தக் காலேஜ்ல படிச்சாளோ, யாருக்குத் தெரியும்" என்றாள் சுலோசனா, ஆட்டோவில்.

"நாளைக்குக் காலைல நான் ஊருக்குப் போறேன் அம்மிணி" என்றாள் பூவாத்தாள். "உன்ற புள்ளைய நீயே பாத்துக்க."

"ஏன் அண்ணி, கோவமா?"

"நான் மதிக்கிறவங்க மேலதான் எனக்குக் கோவம் வரும்."

சொன்னபடியே போய்விட்டாள். சுலோசனா ஒரு வாரம் லீவு போட்டாள். பாட்டிலை நிறுத்தியதும் பையன் வீட்டையே இரண்டாக்கினான். பல் தேய்த்துவிடப் போனால் விரலைக் கடித்து, அத்தையைக் கூப்பிட்டான்.

"சுத்தமா இருங்கன்னேன், பட்டிக்காடு, கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு" என்று பிறகு ஆபீஸ் கேன்டீனில் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள். முன்னெல்லாம் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.