ஈரத்தில் பார்க்கிற நிறம்

சாயப்பட்டறையில் துணிக்கு ஷேட், அதாவது நிறம், சரியா என்று பார்ப்பவள் என்பதால் அவளை எல்லாரும் ஷேடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற நிறத்தில் அவளுக்கு நாற்பது வெள்ளை தெரியும். சாயம் ஏறிய துணியில் ஒரு துண்டை வெட்டி, மாதிரித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் "பாஸ்" என்பாள், அல்லது "தள்ளு" என்பாள். தள்ளு என்றால் தள்ளுதான். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் மசியமாட்டாள்.

அவள் புருஷன் அதே பட்டறையில் பாய்லர் பார்க்கிறவன். நிறத்துக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். வெளிர் மஞ்சளைக் காட்டினாலும் சந்தன நிறத்தைக் காட்டினாலும் "எல்லாம் ஒண்ணுதானே" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வான்.

கல்யாணமாகி ஏழு வருஷம். "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுக் கேட்டுச் சொந்தக்காரர்களே ஓய்ந்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை ஒன்பது நாள் தள்ளிப்போயிற்று. இவளும் நம்பிவிட்டாள். அவனுக்கோ வாயில் எதுவும் தங்காது. பாய்லர் அறை முழுக்கச் சொல்லி, வெளியூரில் இருக்கும் அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான். பத்தாம் நாள் எல்லாம் முடிந்தது. அதை நாத்தனாரிடம் சொல்ல வேண்டியிருந்ததுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. அதன் பிறகு அந்த நம்பரிலிருந்து போன் வந்தாலே ஷேடக்கா பயந்து அதை அவன் கையில் தள்ளிவிடுவாள்.

அதனால் இந்தத் தடவை இரண்டு நாள் தள்ளிப்போனதுமே கண்டிஷன் போட்டாள். சந்தேகமில்லாமல் தெரிகிறவரை யாரிடமும் மூச்சுவிடக்கூடாது.

மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற பட்டை வாங்கி வந்து சோதித்தாள். இங்கேதான் அவள் தொழில் அவளைக் கவிழ்த்தது. சாயப்பட்டறையில் ஈரத்துணியை வைத்து நிறம் சொல்வது மகா பாவம். ஈரத்தில் எந்த நிறமும் கொஞ்சம் தூக்கித்தான் காட்டும். பிழிந்து, காயவைத்து, சூடு ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். பதினைந்து வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? பட்டையை ஜன்னல் திட்டில் காயவைத்துவிட்டு டீ போட்டாள், இரண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டாள். பட்டறையே நம்புகிற அந்தக் கண், பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த குறிப்புத்தாளை மட்டும் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தாள். ஒரு கோடு பளிச்சென்று இருந்தது. அது எல்லாருக்கும் வருவது. அதற்குப் பக்கத்தில், உண்டாயிருந்தால் மட்டும் வருகிற இன்னொன்று இருக்கிறதா, இல்லையா? நூலின் நிழல் அளவுக்கு ஏதோ ஒன்று. அவன் அதைத் தூரத்தில் வைத்தும் மூக்கருகே வைத்தும் பார்த்துவிட்டு, ஒரு கோடுதான் தெரிகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

பட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பட்டறைக்கே கொண்டுபோனாள். அங்கே நிறம் பார்க்கிற வெளிச்சப் பெட்டியில் மூன்று விளக்குகள் உண்டு. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே வைத்தாள். முதல் விளக்கில் கோடு இருந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் மறுபடியும் இருந்தது. துணியாக இருந்தால் அடுத்த நொடியே தள்ளியிருப்பாள். இதைத் தள்ள அவளுக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் அதே மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரம்மாவுக்கு இவள் வயதுதான் இருக்கும். கைக்குட்டையைப் பிரித்ததும் அந்தம்மா பட்டையைக்கூடப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரம் கழிச்சுப் பாத்தீங்க?"

"நல்லா காய விட்டுத்தான் பாத்தேன்" என்றாள் ஷேடக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

கடைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். காய்ந்த பிறகு தெரிவது ஈரம் போன தடமாக இருக்கலாம், அது சாம்பலாகத்தான் தெரியும். அதை வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்தப் பட்டைக்கு ஐந்து நிமிஷம் என்று தாளில் போட்டிருக்கிறது, அதற்குள் ஈரத்தோடே பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குள் நிறத்தோடு கோடு வந்தால், மங்கலாக இருந்தாலும் பெரும்பாலும் உண்டு என்றுதான் அர்த்தம். இரண்டு நாள் விட்டு, காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள் என்றாள்.

"உண்டாயிருந்தா, இந்தப் பட்டை கண்டுபிடிக்கிற ஹார்மோன் சுரப்பு ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை ரெட்டிப்பாகும். கோடும் தானா அழுத்தமாகும். எதுக்கும் டாக்டர்ட்ட போய் ரத்தமும் குடுத்துப் பாத்துடுங்க."

இரண்டு நாளை எப்படியோ ஓட்டினார்கள். மூன்றாம் நாள் காலை குளியலறையில் அவன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, போனில் நிமிஷம் எண்ணினான். அவள் குறிப்புத்தாளை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொட்டு விட்டாள். ஈரம் இளஞ்சிவப்பாக மேலேறி எல்லாவற்றையும் மூடியது. எடுத்துக் காயவைத்துவிடத் துடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது நிமிஷத்தில் ஈரம் தெளிந்து வெள்ளையானது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, வழக்கமான கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு மெல்ல வந்தது. சாம்பல் இல்லை. ரோஜா நிறம். அவ்வளவு மெல்லிய ரோஜாவை அவள் எந்தத் துணியிலும் பார்த்ததில்லை.

"நிறம் இருக்கு" என்றாள். சொன்ன வேகத்திலேயே பயந்துபோனாள். துணியின் மேல் அவளுக்கு ஆசை கிடையாது, அதனால் துணியைப் பார்க்கும்போது கண் பொய் சொல்லாது. இதன் மேல் ஏழு வருஷத்து ஆசை இருக்கிறதே. "என் கண்ணை நம்பாதீங்க. இன்னும் மூணு நாள் போகட்டும்."

அவனுக்கோ அன்றும் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்த மூன்று நாளும் அவன் வாயைத் திறக்கவில்லை. பாய்லர் அறையில் அவனுக்குப் பல்வலி என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த தடவை அவள் சொட்டு விட்டதும் பட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். ஊரே நம்புகிற கண்ணை மூடிக்கொண்டு, வெளிர் மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் சொல்லப்போகிற வார்த்தைக்குக் காத்து நின்றாள்.

"ரெண்டு கோடு" என்றான். "எனக்கே தெரியுதுடி."

திரும்பினாள். அழுத்தமாக, சிவப்பாக, ஐயத்துக்கே இடமில்லாமல் இருந்தது. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ சாயத்தை நிறுத்துப் போட்டு, நீராவி கொடுத்து, மணிக்கணக்கில் வேகவைக்காமல் ஒரு நிறம் கூடி அவள் பார்த்ததே இல்லை. இதற்கு யாரும் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. அவள் தூங்கியபோதும், பஸ்ஸில் நின்றுகொண்டு போனபோதும், மேனேஜரோடு சண்டை போட்டபோதும் இது தன்பாட்டுக்கு இரட்டித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எந்தக் கண்ணுக்கும் தெரியாத ஒரு பொட்டு, மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல், ராத்திரி பகலாக உள்ளே வேலை செய்திருக்கிறது. அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷத்தைவிடப் பெரியதாக இருந்தது அது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"பாஸா?" என்று கேட்டான் அவன். பதினைந்து வருஷமாகத் தயங்காமல் வந்த அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வரவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. அவன் போனை எடுத்தான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கி, இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த அந்த நாத்தனார் நம்பரைத் தானே அழுத்தினாள்.

"அண்ணி, நான்தான் பேசறேன்" என்றாள். "விசேஷம்தான் அண்ணி."