கடை வாசலில் ஒரு இரும்புப் பெட்டி

மின் விநியோக அலுவலகத்தின் திட்டப் பிரிவில் வேலை பார்த்த பொறியாளருக்கும் அவளுடைய நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதற்குக் காரணம் ஒரு இரும்புப் பெட்டி.

விஷயம் இதுதான். நகரின் கிழக்குப் பகுதிக்கு ஒரு லைன், மேற்குப் பகுதிக்கு ஒரு லைன். இரண்டும் கடைவீதி முனைவரை வந்து, ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே முடிந்தன. கிழக்கு லைனில் எங்காவது மரம் விழுந்தால், அதற்கப்பால் உள்ள தெருக்களெல்லாம் பழுது பார்த்து முடியும்வரை இருட்டில் கிடக்கும். மேற்கு லைன் கைக்கெட்டும் தூரத்தில் உயிரோடு இருந்தும் உதவிக்கு வர வழியில்லை. இரண்டையும் இணைக்கும் சுவிட்சுப் பெட்டி ஒன்றை முனையில் நிறுத்தி, அலுவலகத்திலிருந்தே இயக்கலாம் என்று அவள் திட்டம் போட்டாள். மேலிடமும் தலையாட்டியது.

பெட்டி ஒரு பீரோ அளவு. அது நிற்க இரண்டே இடங்கள் தேறின. ஒன்று, யாருக்கும் இடைஞ்சலில்லாத ஒரு மூலை. ஆனால் பள்ளம், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். இன்னொன்று மேட்டுப் பக்க நடைபாதை. அங்கேதான் நாத்தனாரின் மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது.

அடுத்தவர் வாய் வழியாகத் தெரியவேண்டாம் என்று அவளே நேரில் போய்ச் சொன்னாள். நாத்தனார் ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஊர்ல இத்தனை கடை இருக்கு. உனக்கு என் கடை வாசல்தான் கிடைச்சுதா?"

"பள்ளத்துல வச்சா தண்ணி ஏறிடும் அண்ணி. எப்ப தேவையோ அப்பதான் அது வேலை செய்யாது."

"பாதி ஷோகேஸ் மறைஞ்சிடும். ரோட்டுல போறவங்க என் கண்ணாடியைப் பாப்பாங்களா, உன் பீரோவைப் பாப்பாங்களா?"

நாத்தனார் கேட்டதில் நியாயம் இருந்தது.

பிரிவுத் தலைவர் சமாதானம் பேச வந்தார். "பள்ளத்துலயே வச்சிடலாம்மா. சொந்தத்துக்குள்ள எதுக்குப் பொல்லாப்பு? மழை என்ன தினமுமா பெய்யுது?"

"மழை அன்னைக்குத்தானே சார் மரம் விழுது."

பெட்டி கடை வாசலுக்கே வந்தது. அதைக் குறுக்கே வைக்காமல், அதன் ஒடுங்கிய பக்கம் கடையைப் பார்க்கும்படி திருப்பிவைத்தாள். அதனால் ஷோகேஸில் ஒரு பங்கு தப்பியது, அவ்வளவுதான். அதன் பிறகு நாத்தனார் தன் தம்பி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கணவனும் மனைவியும் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், எதிரில் உட்கார்ந்திருப்பவளை விட்டுவிட்டுத் தம்பியிடம் சொல்வாள்: "உன் பொண்டாட்டிக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு." அவனும் திரும்பிக் கேட்பான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் பிற்பகலில் காற்றும் மழையும் ஊரைப் புரட்டியெடுத்தன. கிழக்கு லைனில் மரம் விழுந்தது. பொறியாளர் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். அடிபட்ட பகுதியை மட்டும் ஆபரேட்டர் துண்டித்துவிட்டு, முனையிலிருந்த பெட்டிக்குக் கட்டளை அனுப்பினார். அத்தனை தெருக்களின் பளுவை மேற்கு லைன் தாங்குமா என்று அவள் மீட்டர் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்கியது. திரையில், மின்சாரம் வந்த தெருக்கள் வரிசையாக நிறம் மாறின. மாலையில் வீடு திரும்பும்போது பள்ளத்து மூலையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

அன்று கணவன் அக்காவுக்குப் போன் செய்தான். அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கரண்டா? போச்சு, உடனே வந்துடுச்சு. இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள். ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படாத வேலை அது. அதற்காக அவள் பெரிதாக வருத்தப்படவும் இல்லை.

சில வாரங்கள் கழித்து அவளுடைய மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பி உடைந்தது. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வேறொரு கடை இருந்தும், நாத்தனார் கடைக்கே போனாள். நாத்தனார் நாற்காலியைக் காட்டினாள். எதிரே எழுத்துப் பலகை.

"கடைசி வரியைப் படி."

படித்தாள். தப்பு.

"இடது கண்ணுல பவர் ஏறியிருக்கு."

"எங்க ஆபீஸ்ல மிச்சமான பவர்தான் அண்ணி."

நாத்தனார் சிரிக்கவில்லை. ஆனால் லென்ஸ் மாற்றிய கை சற்று நின்றது. "தலையை ஆட்டாத," என்றாள். பிறகு, "அந்தப் பீரோ மேல என் கடை போர்டை மாட்டிக்கட்டுமா?"

"கூடாது அண்ணி. ஆபத்து."

"அதானே பாத்தேன்."

புது ஃபிரேமை நாத்தனாரே தேர்ந்தெடுத்து, அவள் முகத்தில் மாட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியை அவள் பக்கம் திருப்பிவைத்தாள்.